காது எந்தப் பக்கம் பார்க்கிறது

பிரபு,

போனில் பேசினால் நீ "சரிப்பா" என்பாய். நான் "சரி, வச்சிடட்டுமா" என்பேன். நீ வேலைக்குப் போன இந்த இரண்டு வருஷத்தில் நாம் பேசியதெல்லாம் இந்த இரண்டு சரிக்குள் அடங்கிவிடும். அதனால்தான் எழுதுகிறேன். பத்தாவதோடு பேனாவை மூடி வைத்தவன் எழுதுகிற கடிதம். கையெழுத்தைப் பார்த்துச் சிரித்துக்கொள். ஆனால் பாதியில் மடித்து வைத்துவிடாதே. காலையில் திக்லிபூர் கிளம்புகிற பஸ் டிரைவரிடம் கொடுத்துவிடுவேன். இருட்டுவதற்குள் உன் கைக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை நீ இங்கே வருவதற்குள் இதை இரண்டு தடவையாவது படித்திருக்க வேண்டும்.

முதலில் பூனை. சாரங் பிழைத்துக்கொண்டது. நேற்று அரைக் கிண்ணம் மீன் சாறு குடித்தது. இப்போது நான் எழுதுகிற நாற்காலிக்குக் கீழேதான் கிடக்கிறது. என்னது, பிழைத்துக்கொண்டதா என்று கேட்பாய். நன்றாக இருக்கிறது என்றல்லவா போனில் சொன்னேன். அது பொய் இல்லை, பிரபு. பொய்யாக இருந்திருந்தால் பரவாயில்லை. நான் அப்படித்தான் நம்பினேன்.

நீ காலேஜ் சேர்ந்த வருஷம் ஹேடோ துறைமுகத்தில் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது, கூட்ஸ் ஷெட்டில் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் குட்டியாகக் கிடந்ததைச் சட்டைக்குள் போட்டுக் கொண்டுவந்தாய். பெயர் வைத்தவன் நான்தான். படகில் தன் கை நனையாமல் மற்றவர்களை வேலை வாங்குகிற ஆளை ஜெட்டியில் சாரங் என்போம். வந்த முதல் நாளே அது அலமாரி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, உன் அம்மா வீடு பெருக்குவதை மேற்பார்வை பார்த்தது. மின்சார இலாகாவில் உன்னைத் திக்லிபூரில் போட்டபோது, அந்த பஸ்ஸில் பூனையை எப்படிக் கூட்டிப்போவது என்று விட்டுப்போனாய். அப்போது வாசலில் நின்று நீ எனக்குக் கால் மணி நேரம் பாடம் எடுத்தாய். வால் இப்படி இருந்தால் இது, காது அப்படி இருந்தால் அது என்று. நான் தலையை ஆட்டினேன். ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை. எனக்கா சிக்னல் சொல்லித் தருகிறான் என்று உள்ளுக்குள் ஒரு சிரிப்பு.

இருபத்தெட்டு வருஷமாக என் சோறே சிக்னல்தான். கிரேனில் உயரத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்குக் கப்பல் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. கத்தினால் கேட்காது. ஓரத்தில் நிற்கிற என் கையைப் பார்த்துத்தான் அவர் வேலை. சுட்டு விரலை மேலே காட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே காட்டிச் சுழற்றினால் இறக்கு. மெயின்லேண்டிலிருந்து வருகிற சிமெண்டும் பருப்பும் டைல்ஸும் என் விரலைச் சுற்றித்தான் இந்தத் தீவில் இறங்கின என்று உன் அம்மாவிடம் எத்தனை தடவை பெருமை அடித்திருக்கிறேன். "அந்த விரலால கொஞ்சம் அந்த ஃபேன் ஸ்விட்சைப் போடுங்க" என்பாள்.

அப்படிப்பட்ட நிபுணன் உன் பூனையிடம் பட்ட பாட்டைக் கேள். சின்ன வயதில் நாய் வளர்த்தவன் நான். வால் ஆடினால் சந்தோஷம் என்பது என் படிப்பு. சாரங் ஜன்னலில் உட்கார்ந்து வாலைப் படார் படார் என்று அடித்தது. ஆகா, நம்மைப் பார்த்துக் குஷி என்று தலையைத் தடவப் போனேன். மணிக்கட்டில் நாலு கோடு. இன்னொரு நாள் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது. தடவச் சொல்கிறது என்று கை வைத்தேன். முன்காலால் பிடித்துக்கொண்டு பின்காலால் உதைத்துக் கடித்து, ஆஸ்பத்திரியில் வரிசையாக ஊசி. கட்டுப் போட்ட கையோடு வேலைக்குப் போனால், கிரேன் ஓட்டுகிற நம் அப்பாராவ் மேலேயிருந்து இறங்கிவந்து, "க்யா குரு, பாபி நே மாரா க்யா" என்றார். உன் அம்மா அடித்தாளா என்று கேட்கிறாராம். பூனை என்றேன். "நாளைக்கு என்ன சிக்னல் குடுக்கப் போறே? உன் விரலை நம்பி நான் மேல உக்காந்திருக்கேன், ஒரு பூனைக்கு உன்னைப் புரியலை" என்றார். பூனைக்கு என்னை நன்றாகத்தான் புரிந்திருந்தது. எனக்குத்தான் அதைப் புரியவில்லை. அன்றைக்கு எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாளைக்கு முன்னால் சாரங் அடங்கிப்போனது. ஜன்னலுக்குப் போகவில்லை, கொசுவலையைக் கிழிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் நாலு காலையும் வயிற்றுக்குள் மடக்கி வைத்து, பாதிக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. கிட்டே போனால் குர்குர் என்று சத்தம். மீனை வைத்தால் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். வயசாச்சு, திமிர் இறங்கிவிட்டது, இப்போதுதான் நம் வீட்டுப் பூனை மாதிரி இருக்கிறது என்று எனக்கு ஒரே திருப்தி. உனக்குப் போன் போட்டு, "உன் பூனை சாமியாராயிடுச்சுடா. தியானத்துல உக்காந்திருக்கு" என்றேன்.

நீ சிரிக்கவில்லை. "காது எந்தப் பக்கம் பார்க்குதுப்பா?" என்று கேட்டாய்.

"காது காது இருக்கிற இடத்துலதான் இருக்கு" என்றேன்.

"முன்னாடி பார்க்குதா, பக்கவாட்டுல சாஞ்சிருக்கா?"

"டேய், நான் என்ன காதுக்கு ஆள் போட்டா பார்க்கிறேன். நல்லா இருக்கு. குர்குர்னு சத்தம் வருது. நீ கல்யாண வேலையப் பாரு."

நீ "சரிப்பா" என்றாய்.

நாலு நாள் கழித்து உன் அம்மாதான் பூனையின் வாயோரத்தில் எச்சில் வடிவதைப் பார்த்தாள். நண்டு கொண்டுவருகிற பிளாஸ்டிக் கூடையில் துணி விரித்து, ஆட்டோ வைத்து, கால்நடை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனோம். டாக்டர் உன் வயசுப் பெண், பெங்காலி. வாயைத் திறந்து பார்த்தார். கடைவாய்ப் பல் அழுகி, ஈறெல்லாம் சீழ். "எத்தனை நாளா இப்படி?" என்று ஹிந்தியில் கேட்டார். நாலஞ்சு நாளாகத்தான் சாப்பிடவில்லை, ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது, அமைதியாக உட்கார்ந்து குர்குர் என்று பாடிக்கொண்டிருந்தது என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "அங்கிள், அது அமைதியா உக்காந்திருக்கலை. தாங்கிக்கிட்டு இருந்திருக்கு. வலிக்கிறப்பவும் பூனை அப்படிச் சத்தம் போடும். தன்னைத் தானே தட்டிக்குடுத்துக்கிற மாதிரி." பிறகு கூடைக்குள் விரலால் காட்டினார். கால் மடங்கியிருக்கிற விதம், கூனின முதுகு, தாழ்ந்த தலை, ரெண்டு பக்கமும் சாய்ந்த காது, இறுக்கி மூடின கண். "இத்தனையும் சொல்லியிருக்கே. இதுக்கு மேல எப்படிச் சொல்லும்?"

பல்லைப் பிடுங்கி மருந்து போடுகிறவரைக்கும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சும்மா இருக்க முடியாமல் போனை எடுத்து, மின்னி பே பக்கம் வேலு மாமா வீட்டில் உனக்கும் அவன் பெண்ணுக்கும் தட்டு மாற்றின அன்று எடுத்த போட்டோவை எல்லாம் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பிடித்த படங்கள். அப்பாராவுக்குக்கூடக் காட்டியிருக்கிறேன். அதில் ஒன்றில் நான் வாயெல்லாம் பல்லாக நிற்கிறேன். உன் அம்மா பூத்தட்டோடு இருக்கிறாள். நடுவில் நீ. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ரெண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் பின்னி வைத்திருக்கிறாய். ரெண்டு கையும் தொடைக்கு நடுவில். தோள் காதுவரைக்கும் ஏறியிருக்கிறது. உதட்டில் ஒரு சிரிப்பு.

அடுத்த படம், அதற்கடுத்த படம், எல்லாவற்றிலும் நீ அப்படியே இருக்கிறாய். மற்றவர்கள் இடம் மாறியிருக்கிறோம், நீ மாறவில்லை.

அன்றைக்கு வேலு உன்னிடம் நேராகவே கேட்டான். "மாப்ளே, உனக்குச் சம்மதம்தானே?" நீ என்னைப் பார்த்தாய். பிறகு, "அப்பா இஷ்டம் மாமா" என்றாய். எனக்கு நெஞ்சு விரிந்துபோனது. வேலுவும் நானும் ஒரே வருஷத்தில் ஜெட்டியில் சேர்ந்தவர்கள். எனக்கு டெங்கு வந்து படுத்தபோது உன்னை ஒரு மாதம் அவன் வீட்டில் வைத்துச் சோறு போட்டவன். அவனோடு சம்பந்தம் என்பது எனக்கு எவ்வளவு பெரிய ஆசை என்று உனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அப்படிச் சொன்னாயோ என்று இப்போது கேட்கிறேன். அன்றைக்கு நான் கேட்கவில்லை. எல்லோர் முன்னாலும் சுட்டு விரலை மேலே காட்டிச் சுழற்றினேன். தூக்கு. கூடமே சிரித்தது. நீயும் சிரித்தாய்.

உனக்கு வைத்த டீ ஆடை கட்டிக்கிடந்தது. அதைக்கூட நான் இப்போது நினைவில் தேடித்தான் கண்டுபிடித்தேன். அதைப் பார்த்தது அந்தப் பொண்ணு ஒருத்திதான். "டீ ஆறிப்போச்சு, வேற கொண்டு வரட்டுமா?" என்று உன்னிடம் கேட்டாள். நீ வேண்டாம் என்றாய். உள்ளே போகும்போது திரும்பி ஒரு தடவை உன்னைப் பார்த்துவிட்டுப் போனாள். அவள் கை எப்படி இருந்தது, அவள் தோள் எப்படி இருந்தது என்று இன்றைக்கு யாராவது என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. மருமகள் என்று பார்த்தேனே தவிர அவளைப் பார்க்கவில்லை.

பூனையைக் கூடையில் வைத்து வீட்டுக்கு வந்ததும் அந்தப் படத்தை உன் அம்மாவிடம் நீட்டினேன். இவன் காதைப் பாரு என்றேன். உளறுகிறேன் என்று நினைப்பாள் என்றிருந்தேன். அவள் போனை வாங்கவேயில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அவனுக்கு மனசு இல்லைன்னு."

"தெரிஞ்சா ஏன்டி சொல்லலை?"

"உங்க முகத்தைப் பார்த்தேன். இவ்வளவு சந்தோஷமா உங்களைப் பார்த்து எத்தனை வருஷமாச்சு. கட்டிக்கிட்டா சரியாயிடும்னு நினைச்சேன்." கூடையில் துணியை இழுத்துவிட்டாள். "தப்புதான்" என்றாள். அன்று சாயங்காலம் எங்கள் இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை. பல் பிடுங்கின பூனையும் நாங்களும் ஒரே மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

இது முதல் தடவை இல்லை என்பதுதான் என்னை அரிக்கிறது. உனக்குப் பத்து வயசு இருக்கும்போது கப்பலில் மெட்ராஸ் போனோமே, நினைவிருக்கிறதா? மூணு நாள் கடல் புரட்டி எடுத்தது. பங்க் படுக்கையில் கிடந்த பெரிய ஆட்களெல்லாம் வாந்தி. நீ மட்டும் ஒரு மூலையில் துணிப்பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். எப்படிடா இருக்கு என்று நான் கேட்கும்போதெல்லாம் சிரித்தாய். டெக் முழுக்க நான் தம்பட்டம் அடித்தேன், ஹேடோக்காரன் பிள்ளை, கடலுக்குப் பிறந்தவன் என்று. மெட்ராஸில் இறங்கி அந்தப் பையைத் திறந்தபோதுதான், உள்ளே உன் புதுச் சட்டைக்கு நடுவில் மூணு நாள் வாந்தியையும் நீ ஒளித்து வைத்திருந்தது தெரிந்தது. நான் உன்னைத் திட்டினேன். ஏன் சொல்லவில்லை என்று ஒரு அறையும் கொடுத்தேன். நான் தம்பட்டம் அடிக்கிற இடத்தில் நீ எப்படிச் சொல்லியிருப்பாய் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பதினேழு வருஷம் கழித்து, பூனைக்குப் பல் பிடுங்கின பிறகு தோன்றுகிறது. உன் அப்பனுக்குக் கரண்ட் வந்து சேர இவ்வளவு நேரம் ஆகிறது. நீ மின்சார இலாகா, உனக்குப் புரியும்.

அதனால் இப்போது எழுதுகிறேன். கல்யாணப் பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போகவில்லை. பிரஸ்காரர் மாதிரிக்கு ஒன்று கொண்டுவந்து காட்டிவிட்டுப் போனார். திங்கட்கிழமை சொல்லுகிறேன் என்றிருக்கிறேன். மெயின்லேண்டு சொந்தக்காரர்களுக்குக் கப்பல் டிக்கெட் எடுப்பதையும் நிறுத்தி வைத்திருக்கிறேன். உன் சித்தப்பா தினமும் போன் போடுகிறான், டிக்கெட் தீர்ந்துவிடும் என்று. கடலில் வானிலை சரியில்லை என்று ஒரு புளுகு விட்டிருக்கிறேன். ஞாயிறுவரைக்கும் தாங்கும்.

வேண்டாம் என்றால் ஏன் என்று நான் கேட்க மாட்டேன். உன் மனசில் வேறு யாராவது இருக்கலாம். யாருமே இல்லாமலும் இருக்கலாம். கல்யாணமே வேண்டாம் என்றும் இருக்கலாம். இருபத்தேழு வயசுப் பிள்ளை, உன்னிடம் கணக்குக் கேட்க நான் யார். நீயாகச் சொல்ல நினைக்கிற அன்றைக்குச் சொல். கேட்கிற இடத்தில் நான் இருப்பேன். வேலுவிடம் நான்தான் போவேன், நீ வர வேண்டாம். அவன் திட்டுவான். அவனுக்குத் தமிழ், ஹிந்தி, தெலுங்கு மூன்றிலும் திட்ட வரும், கோபம் அதிகமானால் மூன்றையும் கலந்து திட்டுவான். வாங்கிக்கொள்வேன். ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ பேசாமல் இருப்பான். எனக்கு அது பெரிய இழப்புதான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மனசில்லாத ஒருத்தனுக்கு அவன் மகளைக் கட்டிவைத்தால், பத்து வருஷம் கழித்து அவன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? ஆறின டீயைக் கவனிக்கிற பொண்ணுடா அது. ஒவ்வொரு நாளும் உன் தோளைப் பார்த்துப் பார்த்தே தேய்ந்துபோவாள்.

ஒருவேளை நான் மறுபடியும் தப்பாகப் படித்திருக்கலாம். சபையில் கூச்சப்பட்டு ஒடுங்கி உட்கார்ந்திருக்கலாம். உனக்கு அவளைப் பிடித்திருக்கலாம். இருந்தால் அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும். ஆனால் அதையும் உன் வாயால் "அப்பா இஷ்டம்" என்று சொல்லாதே. என் இஷ்டம் எனக்குத் தெரியும். உன்னுடையதுதான் தெரியவில்லை.

ஜெட்டி விஷயம் ஒன்று சொல்லி முடிக்கிறேன். இதை நான் வீட்டில் சொன்னதில்லை, எனக்கு மானக்கேடு என்பதால். நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். சிமெண்ட் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. நான் தூக்கச் சொல்லி விரலைச் சுழற்றிக்கொண்டிருக்கிறேன், அப்பாராவ் தூக்கிக்கொண்டிருக்கிறார். திடீரென்று கிரேன் நின்றது. மூட்டைகள் அந்தரத்தில் ஆடுகின்றன. பார்த்தால், கப்பல் சமையல்காரர் ஒருத்தர், கையில் வெங்காயத் தோலோடு, சமையலறை வாசலில் நின்று இரண்டு கையையும் அகல நீட்டி ஆட்டுகிறார். நில் என்று. எனக்கு வந்ததே கோபம். சிக்னல்மேன் நான் இருக்கும்போது வெங்காயம் உரிக்கிறவர் யார் என்று கத்தினேன். அவர் பேசாமல் கையை மட்டும் காட்டினார். மூட்டைகளைக் கட்டியிருந்த கம்பிவடம் ஒரு பக்கம் பிரிந்துகொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே இரண்டு பேர் நின்றிருந்தார்கள். நான் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. தூக்கு, இறக்கு, திருப்பு எல்லாம் சிக்னல்மேன் மட்டும்தான் சொல்லலாம். நில் என்பதை மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். கூலியாள், சமையல்காரர், வழியோடு போகிறவர், யாராக இருந்தாலும் சரி. கிரேன்காரர் காரணம் கேட்கக்கூடாது. முதலில் நிறுத்த வேண்டும். நிறுத்தின பிறகு கொஞ்ச நேரம் அது அந்தரத்தில் கிடந்து ஆடும். கீழே எல்லோரும் கத்துவார்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். பிறகு மெல்ல மெல்ல இறக்கி வைத்துவிடலாம். அன்றைக்கும் இறக்கி வைத்தோம். அந்த இரண்டு பேரும் சாயங்காலம் வீட்டுக்குப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்கு நான் வருகிறேன். சாரங்கையும் கூடையில் தூக்கிவருகிறேன், உன்னைப் பார்த்தால் அதற்கும் தெம்பு வரும். இப்போதெல்லாம் அது எப்போதாவது என்னைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறக்கிறது. நம்பிக்கை வந்தால்தான் பூனை அப்படிச் செய்யும் என்று டாக்டர் சொன்னார். நானும் பதிலுக்கு மூடித் திறக்கிறேன். என்னண்ணே, பூனைக்குக் கண்ணடிக்கிறீங்களா என்று பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் கேட்கிறார்கள். கேட்கட்டும்.

பஸ்ஸைவிட்டு இறங்கியதும் நீ பேச வேண்டியதில்லை. பேசினால் உனக்கு "சரிப்பா" தான் வரும், எனக்குத் தெரியும். வேண்டாம் என்றால் படியில் நின்று இரண்டு கையையும் நீட்டு. கூட்டத்தைப் பற்றி யோசிக்காதே. அன்றைக்கு நான் சிக்னல்மேன் இல்லை. கிரேனில் உட்கார்ந்திருக்கிறவன். உன் கையைப் பார்ப்பது மட்டும்தான் என் வேலை.

உன் அப்பா